டூப்ளிகேட் சாவி இல்லாத ஓனர்

வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றலாகும் அரசாங்க வேலை. அதனால் ஹவுஸ் ஓனர் என்கிற இனத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகாரத்தோடு பேசும் தகுதி எனக்கு உண்டு. தண்ணீர் மோட்டார் சுவிட்சைத் தன் படுக்கையறைக்குள் வைத்துக்கொண்டு ராஜாங்கம் நடத்துகிறவர் ஒரு ரகம். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சமையலறை வரைக்கும் வந்து, குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, "கறியா?" என்று கேட்கிறவர் இன்னொரு ரகம். நாங்கள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த சமயத்தில் டூப்ளிகேட் சாவி போட்டுத் திறந்து, எங்கள் பரணில் தன்னுடைய பழைய பாத்திர மூட்டைகளை ஏற்றி வைத்துவிட்டுப் போன மகானுபாவர் ஒருவரும் உண்டு. திரும்பி வந்த அம்மா அண்ணாந்து பரணைப் பார்த்தாள். "அவங்க வீடு, அவங்க வச்சுக்கிறாங்க" என்றார் அப்பா.

ஆணி அடிக்காதே, சுவரில் கிறுக்காதே, நம்ம வீடு இல்லை. சிறு வயதில் நானும் தம்பியும் அதிகம் கேட்ட அறிவுரை இதுதான். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிடுவார் அப்பா.

இப்படி வளர்ந்தவளுக்குப் படூரில் வாய்த்த ஓனரை எந்த ரகத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து நானும் ஜெனியும் வீடு தேடிய காலம் அது. ஜெனி நாகர்கோவில்காரி, என்னோடு ஒரே டீம். இரண்டு பெண்கள் மட்டும் தங்க வீடு தேடினால் தெரியும் சேதி. யார் வருவார்கள், எப்போது திரும்புவீர்கள், உங்கள் ஜாதகத்தைக் கொடுங்கள் என்பதுவரை கேட்டுவிட்டு, கடைசியில் "ஃபேமிலிக்குத்தான்" என்பார்கள். படூர் ஓனர் அக்கா கேட்டது ஒரே கேள்வி.

"தண்ணி உப்பா கீது. குளிக்க ஆவும், குடிக்கக் கேன் போட்டுக்கணும். பரவால்லயா?"

பரவாயில்லை என்றோம். இடுப்பிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார். மூன்று சாவிகள்.

"மூணுமே எங்களுக்கா? நீங்க ஒண்ணு வச்சுக்கலையாக்கா?"

"நான் எதுக்கு? நானா மேல குடித்தனம் பண்ணப்போறேன்?"

போனில் இதைச் சொன்னதும் அப்பா கலவரமாகிவிட்டார். ஓனரிடம் சாவி இல்லையென்றால் அந்த வீட்டில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது, எதற்கும் ஜாக்கிரதையாக இரு என்றார்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உருவம், சத்தமான குரல், தெருமுனையில் பேசினால் எங்கள் சமையலறையில் கேட்கும். அவர் குடியிருப்பது கீழே, எங்கள் மாடிப் போர்ஷனுக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. பேச வருகிறவர் கடைசிப் படிக்கு ஒரு படி கீழேயே நின்றுகொள்வார். கதவு விரியத் திறந்திருக்கும். நாங்கள் ஹாலில்தான் உட்கார்ந்திருப்போம். ஆனாலும் அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, முதுகை எங்களுக்குக் காட்டியபடி கேட்பார்: "பாப்பா, உள்ள வரலாமா?"

"வாங்க" என்ற சொல் காதில் விழுந்தால்தான் திரும்புவார். "யாரு?" என்றோ "என்னக்கா?" என்றோ கேட்டால் அது அவர் கணக்கில் பதிலே இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் ஜெனி வேண்டுமென்றே பதில் சொல்லாமல் விளையாடினாள். அக்கா அங்கேயே நின்று, தெருவில் போன காய்கறி வண்டியை நிறுத்தி, விலை பேசி, கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு, மறுபடி "உள்ள வரலாமா?" என்றார். ஜெனிதான் தோற்றாள்.

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சலாகவும் இருந்தது. ஒருமுறை அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். பால் பொங்கித் தீய்ந்து, நாற்றம் கீழ்வீடு வரைக்கும் போயிருக்கிறது. வாசற்கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே வந்து அடுப்பை அணைப்பதற்குப் பதிலாகப் படியில் நின்று என் பேரைச் சொல்லித் தெருவே கூடும்படி கத்திக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு ஓடிவந்து அணைத்தேன்.

"ஏன்க்கா, உள்ள வந்து அணைச்சிருக்கலாமே?"

"நீ எப்டி கீறியோ, இன்னாவோ. வான்னு சொல்லாம எப்டி வர்றது?"

சாவி தொலைந்த கதை இதைவிட அழகு. மூன்றில் ஒன்றை நான் பஸ்ஸில் விட்டேன். ஒன்று ஜெனியோடு நாகர்கோவிலுக்குப் போயிருந்தது. மூன்றாவது பத்திரமாக வீட்டுக்குள்ளேயே இருந்தது. வேறு எந்த ஓனராக இருந்தாலும் கீழேயிருந்து ஒரு சாவியைத் தூக்கிப் போட்டிருப்பார். இவர் கேளம்பாக்கத்திலிருந்து பூட்டுக்காரர் வரும்வரை என்னைத் தன் வீட்டில் உட்காரவைத்து மீன் குழம்பும் சோறும் போட்டார். "இதுக்குத்தான் ஒரு சாவி நீங்க வச்சிருக்கணும்" என்றேன். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கோ" என்றார்.

இதையெல்லாம் மன்னித்துவிட்டேன். காய்ச்சல் வந்தபோது நடந்ததைத்தான் வெகுநாள் மனதில் வைத்திருந்தேன். ஜெனி ஆபீசில், நான் மட்டும் ஜுரத்தில் சுருண்டு கிடந்தேன். படியில் காலடிச் சத்தம், "பாப்பா, உள்ள வரலாமா?" என்ற குரல். வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரம் வைக்கும் ஓசை. பிறகு எழுந்து போய்ப் பார்த்தால் வாசலில் தூக்குச்சட்டி நிறைய மிளகு ரசம், மேலே ஒரு தட்டில் இட்லி, எறும்பு ஏறாமல் இருக்கச் சுற்றிலும் மஞ்சள் தூள். அம்மாவாக இருந்தால் உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். வாசலில் வைத்துவிட்டுப் போகிறாரே, இதென்ன நாய்க்கு வைப்பது போல என்று அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே ரசத்தைக் குடித்தேன். நல்ல ரசம்.

இதில் பெரிய வேடிக்கை அவருடைய வேலை. பக்கத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நாள் முழுக்க அடுத்தவர் அறைக்குள் போய் வருவதற்குத்தான் சம்பளமே. அங்கேயும் ஒவ்வொரு கதவாகத் தட்டி நின்று, உள்ளே தூங்குகிற பிள்ளை எழுந்து வந்து "வாங்க" என்றால்தான் துடைப்பக்காரப் பெண்களை உள்ளே விடுவாராம். அதனால் வேலை முடிய நேரமாகிறது என்று வார்டன் திட்டாத நாள் கிடையாது. அவர் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். பேசினால் இப்படித்தான் பேசுவார்: "எமன் வந்தாக்கூட எங்கூட்டம்மா கதவத் தட்டிகினு வாடாம்பா. அவனும் வெளிய நின்னு நின்னு பேஜாராயி பூடுவான்."

ஏன் இப்படி என்று நான் கேட்காமல் இல்லை. என்னால் எதையும் துருவாமல் இருக்க முடியாது. ஒருமுறை "முட்டி வலி பாப்பா, கடைசிப் படி ஏற முடில" என்றார். அன்று மாலையே மொட்டை மாடிக்கு வடகம் காயவைக்கக் குடுகுடுவென்று ஏறிப் போனார். இன்னொரு முறை "வயசுப் பொண்ணுங்க, அசந்து மறந்து எப்டியாச்சும் படுத்துகினு இருப்பீங்க" என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதாகப் பட்டது. மூன்றாவது முறை கேட்டபோது சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனிக்குப் பிறந்தநாள். மதியம் எங்கள் டீமில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் பிரியாணியும் கேக்கும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். படியில் அவர்கள் செருப்பைக் கழற்றுவதை எதிர்வீட்டுப் பெரியவர் தன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் பார்ப்பதுதான். கேக் வெட்டி, நால்வரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட ஆரம்பித்திருந்தோம். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

எஸ்.ஐ. ஒருவர், காவலர் ஒருவர். நான் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தேன்.

"எத்தன பேர் உள்ள? ஆம்பளைங்க வந்து தங்குறாங்கன்னு கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு. வீட்டப் பாக்கணும், தள்ளும்மா."

என்ன குற்றம் என்று சொல்லவில்லை. கூடப் பெண் காவலர் யாரும் இல்லை. இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நிமிடத்தில் எனக்கு விளக்கம் சொல்லத்தான் தோன்றியது.

"தங்கல சார். பர்த்டே. எங்ககூட வேலை பாக்குறவங்க."

"அத நாங்க பாத்துக்கிறோம். உங்கப்பா நம்பர் என்ன? இங்க என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரியுமா?"

அதில்தான் நடுங்கிப்போனேன். அப்பாவுக்கு ஒரு போன் போனால் போதும். நடந்தது என்ன என்று அவர் கேட்கமாட்டார். போலீஸ் வீட்டுக்கு வந்தது என்பதே அவருக்குப் போதுமான சேதி. மறுநாள் காலையில் பெட்டியோடு கோயம்பேட்டில் நிற்பேன். என் வேலை, படூர் எல்லாம் அதோடு சரி. எஸ்.ஐ. ஒரு காலைத் தூக்கி நிலைப்படிமேல் வைத்துவிட்டார். நான் சொன்னேன்:

"சார், இது எங்க வீடு இல்ல சார். வாடகை வீடுதான். ஓனர் கீழ இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டுக்கோங்க."

யோசித்துச் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து சொல்லிக் கொடுக்கப்பட்டது, தானாக வந்தது. வீட்டின்மேல் எனக்கு ஒரு பாத்தியதையும் இல்லை என்று போலீசுக்கு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. எஸ்.ஐ.யின் முகம் தெளிந்தது. "ஓனரம்மா, மேல வாங்க" என்று கைப்பிடிச் சுவரைத் தட்டிக் கூப்பிட்டார்.

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருக்க அப்படியே வந்தார். வழக்கமான படியில் நின்றார். காவலர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கொஞ்சம் ஒதுங்கினார்.

"நீங்கதான ஓனர்? உள்ள பாக்கணும். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

"என் வூடு கீழ கீது சார். வாங்க, தாராளமா பாருங்க. கட்டிலுக்கு அடியில, பீரோல எல்லாம் பாருங்க."

"மேல பாக்கணும்மா."

"மேல அவங்க வூடாச்சே. அதுக்கு நான் எப்டி சார் சரின்னு சொல்றது?"

"வெளாடுறியா? பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

"பத்திரம் என் பேர்லதான் கீது. குடித்தனம் பண்றது அவங்கதான சார்? ஒரு சாவிகூட என்னாண்ட இல்ல. வேணும்னா கேட்டுப் பாருங்க."

நான் ஜாடை காட்டினேன். சரியென்று சொல்லித் தொலையுங்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, எப்போதும் செய்வதையே செய்தார். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, முதுகை எங்கள் எல்லோருக்கும் காட்டி நின்றார்.

"பாப்பா, உன் வூட்டுக்கு ஆளு வந்துகீறாங்க. இன்னா ஏதுன்னு கேளு."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் இப்போது நாலைந்து தலைகள். உள்ளே பையன்கள் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றிருந்தார்கள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கத்திரிக்காய் வாங்கிவிட்டும் காத்திருந்த முதுகு. பதில் சொல்லாமல் இது நகராது என்று எனக்குத் தெரியும்.

"சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சார், இது எங்க வீடு. என்ன கேஸ்னு சொல்லுங்க. எழுத்துல எதாவது இருந்தா காட்டுங்க. லேடி போலீஸ கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் உள்ள வராதீங்க."

ஜெனி உள்ளிருந்து போனைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் வீடியோ எடுத்துட்டு இருக்கேன் சார்" என்றாள், ஏதோ நல்ல சேதி சொல்வது போல.

எஸ்.ஐ. என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது, நானோ ஒல்லிக்குச்சி. அவர் ஏன் போகவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. போனைப் பார்த்தார், அக்காவின் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நிலைப்படியிலிருந்து காலை எடுத்தார்.

"ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்."

"எழுதிக் குட்த்துக் கூப்புடுங்க சார், வருவாங்க" என்றார் அக்கா, திரும்பாமலேயே. "நானும் கூட வரேன்."

எழுத்தும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. அப்பாவின் எண்ணை யாரும் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் வந்து, அந்தப் பெண்களைக் காலி பண்ணச் சொல் என்று அக்காவிடம் நியாயம் பேசியிருக்கிறார். "அவங்க வூட்ட நான் எப்டி அண்ணாத்த காலி பண்றது? போய்க் கேட்டுப் பாரு, உள்ள வுடறாங்களான்னு" என்றாராம் அக்கா.

அன்று ஜீப் கிளம்பும் சத்தம் அடங்கிய பிறகும் அக்கா படியிலேயே நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தால் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்திருந்தார். இவ்வளவு நேரம் பயத்தை முதுகுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"உள்ள வாங்கக்கா" என்றேன். அவர் கேட்காமலேயே.

வந்தார். கை கழுவினார். தரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். பிரியாணி வேண்டாம் என்றார். பிறகு, யாரும் கேட்காமல், சொன்னார்.

"திருக்கழுக்குன்றத்தாண்ட எங்க ஊரு. நைனா ஒரு பெரிய வூட்டு நெலத்துல கூலி. குட்ச மட்டுந்தான் எங்களுது, அது கீற எடம் அவங்களுது. ஒருநா அவங்க மோட்டார் காணாம பூட்ச்சி. போலீஸ்காரன் நேரா எங்க தெருவுக்குத்தான் வந்தான். கதவா கீது தட்டுறதுக்கு? ஓலப் படலு. தள்னான், தொறந்துகிச்சி. எங்கம்மா மூலைல பொடவைய மறைப்பு கட்டிக் குளிச்சிகினு இருந்தா."

ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கப்பா ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"இன்னா சொல்லும்? எடம் உங்களுது, பாத்துக்குங்கன்னுச்சி." கொஞ்ச நேரம் சொம்பை உருட்டிக்கொண்டிருந்தார். "மோட்டாரு அவங்க கெணத்துலயே கெடந்துது. அப்புறம் எங்கம்மா வெளிச்சத்துல குளிச்சி நான் பாக்கல. எப்பவும் இருட்டுனப்புறந்தான். சாவுற வரைக்கும்."

அக்காவின் அப்பா சொன்னதைத்தான் அரை மணி நேரத்துக்கு முன்னால் நானும் சொல்லியிருந்தேன். வார்த்தை மட்டும் கொஞ்சம் வேறு.

பிற்பாடு ஆர்வம் தாங்காமல் அரசியலமைப்புச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். போலீஸ் நினைத்தபடி வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று எங்காவது பளிச்சென்று ஒரு வரி இருக்கும் என்று நம்பினேன். அப்படி ஒரு வரி இல்லை. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்று இருக்கிறது. அந்தரங்கம் என்பதும் அதற்குள்தான் அடக்கம், வீட்டுக்குள் ஒரு மனுஷி நிம்மதியாக இருப்பதும் அதில் சேர்த்தி என்று நீதிமன்றங்கள் அப்புறம் சொல்லியிருக்கின்றன. அந்த நடைமுறை என்ன என்று வேறு சட்டத்தில் இருக்கிறது. அவசரமென்றால் வாரண்ட் இல்லாமலும் சோதனை போடலாம், ஆனால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் மதிப்பான இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும், இப்படிப் போகிறது. சோதனை நடக்கும்போது கூட இருந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்று பார்த்தேன். அங்கே குடியிருப்பவருக்கு. பத்திரத்தைப் பற்றி அந்த இடத்தில் ஒரு பேச்சும் இல்லை. அக்கா இதையெல்லாம் படித்தவர் கிடையாது, கோர்ட் வாசலை மிதித்ததும் கிடையாது. படலைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்ததைப் பார்த்தவர், அவ்வளவுதான். பத்திரம் கைக்கு வந்த பிறகும் அந்த ஆளாகத் தான் ஆகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு படியாக எண்ணி நின்றிருக்கிறார். காய்ச்சலில் நான் கோபித்துக்கொண்ட ரசம் அன்றைக்குத்தான் சரியாக இறங்கியது.

இப்போது நான் இருப்பது கூடுவாஞ்சேரியில். என் பேரில் பத்திரம் போட்ட ஃபிளாட். ஆனால் என் வீடு என்று முதலில் வாயால் சொன்னது படூரின் அந்த மாடிப் போர்ஷனைத்தான்.

அன்று எழுந்து போகும்போது அக்கா ஹாலைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் குடிவந்த பிறகு முழுசாக அவர் அதைப் பார்ப்பது அப்போதுதான். ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுத் தொங்கிய காலண்டரில் கண் நின்றது.

"இன்னா பாப்பா, ஒரு ஆணிகூட அடிக்கலியா?"

"உங்க சுவராச்சேக்கா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன்.

அவர் கீழே போனார். ஒரு சுத்தியலையும் இரண்டு ஆணிகளையும் கொண்டுவந்து நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டு, மீனைப் பார்க்க ஓடினார். பையன்கள் நான் அடிக்கிறேன், நான் அடிக்கிறேன் என்று வந்தார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை. முதல் அடியில் ஆணி வளைந்தது. இரண்டாவது ஆணியை அடித்தபோது ஒரு ரூபாய் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்தால் பெயரட்டும் என்று அடித்தேன். தெருவே கேட்டிருக்கும். காலண்டரை மாட்டினேன். கோணலாகத்தான் தொங்கியது.

படியில் காலடிச் சத்தம். கடைசிப் படிக்கு ஒரு படி கீழே வந்து நின்றது.

"பாப்பா, சுத்தி வோணும். உள்ள வரலாமா?"

தெருவைப் பார்த்தபடி நின்ற முதுகைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தேன்.

"எங்க வீட்டுக்கு வாங்கக்கா" என்றேன்.